நீர்நாயின் அப்பா சம்மதிக்க மாட்டார்

14

உலக இலக்கியத்தை இதுவரை காப்பாற்றி வந்திருப்பவர்கள் பிடிவாதக்கார அப்பாக்கள்தான்.

இதை விஜயரட்ணம் சனிக்கிழமை காலை ஏழரைக்கு, இடியாப்பத்தின் மேல் சொதி ஊற்றிக்கொண்டே அறிவித்தார். விளையாட்டாக அல்ல. நில இலாகாவில் முப்பத்து நான்கு வருடம் இருந்து தலைமைக் குமாஸ்தாவாக ஓய்வு பெற்றவர் அவர். விளையாட்டாக எதையும் அறிவிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

"யோசிச்சுப் பாரும்," என்றார் மனைவி கஜலட்சுமியிடம். "பொம்பிளையின்ர தகப்பன் முதல் நாளே 'ஓம், கட்டுங்கோ' எண்டு சொல்லியிருந்தால் உலகத்தில ஒரு காதல் காவியமாவது மிஞ்சியிருக்குமோ? சம்மதம் குடுத்த ஒரு தகப்பனைப் பற்றி ஒரு காவியம் காட்டும் பார்ப்பம்."

"சம்பல் வைக்கட்டோ?" என்றார் கஜலட்சுமி.

"கடைசிக் காட்சியில மனம் மாறுறவன் தகப்பனே இல்லை. அது கார்ட்டூன்."

சங்கடம் என்னவென்றால், அன்று காலை பத்து மணிக்கு அவர் மனம் மாற வேண்டியிருந்தது ஒரு கார்ட்டூனில்தான்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிவிடலாம். விஜயரட்ணத்தின் ஒரே மகள் தர்மினி, லூபோக் சீனா என்ற ஊரில் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் பழ லாரி ஓட்டும் சிவசாமியின் மகன் கோகுலராஜைக் கட்டிக்கொள்ள விரும்புகிறாள். பதினொரு வாரத்துக்கு முன்பு வரை, மலாக்கா நகரத்துத் தெங்கேராவில் இருக்கும் பெண் வீட்டில் யாரும் இதை எதிர்க்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை விஜயரட்ணம், "அந்தக் குடும்பம் எங்களுக்குச் சரிவராது," என்றார். காரணம் கேட்டதற்கு, காரணம் சொல்லும் வழக்கம் தமக்கு இல்லை என்றார். அதே மாலை, லூபோக் சீனாவில் சிவசாமியும் தம் மகனிடம் அதையே சொன்னார். அங்கும் காரணம் கையிருப்பில் இல்லை.

அன்றிலிருந்து அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசுவதில்லை. கஜலட்சுமி வழியாகத்தான் தபால் போக்குவரத்து.

சென்ற வாரம் தர்மினி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். "திருமணப் பதிவு. திங்கட்கிழமை காலை மணி பத்து. வர விரும்புபவர்கள் வரலாம்." விஜயரட்ணம் சுற்றறிக்கைகளை மதிப்பவர். தாளின் ஓரத்தில் 'பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டார். வருவாரா மாட்டாரா என்பதற்கு அதில் இடமிருந்தது. அவர் அதை நிரப்பவில்லை.

அந்த இடம் இன்றும் காலியாகத்தான் இருந்தது. தர்மினி காலையில் பால் எடுக்கும் சாக்கில் பார்த்துக்கொண்டாள்.

"அம்மா, ஒன்பது மணிக்கு வெளிக்கிட வேணும் எண்டு சொல்லுங்கோ."

கஜலட்சுமி இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்த கணவரிடம் திரும்பினார். "ஒன்பது மணிக்காம்."

"எனக்குக் காது கேக்கும். ஆயத்தம் எண்டு சொல்லும்."

தர்மினி காரை ஓட்ட, விஜயரட்ணம் பின்சீட்டில் வாடகைக் கார் வாடிக்கையாளரைப் போல் அமர்ந்து குருபோங் வந்து சேர்ந்தார்.

குருபோங்கில் ஒரு டயர்க் கடையின் மேல்மாடியில்தான் தர்மினி வேலை செய்யும் குரல் பதிவுக்கூடம். மலாய் மொழியில் வந்த ஒரு குடும்பக் கார்ட்டூன் படத்துக்கு அங்கே தமிழ்க் குரல் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தமிழ் வசனம் தர்மினியுடையது. கதை யாரும் அறிந்ததே. இரண்டு பகைக் குடும்பங்கள். இந்த வீட்டுப் பெண், அந்த வீட்டுப் பையன். கடைசியில் இரண்டு சாவு. உலகம் பல நூறு வருடமாக அழுது தீர்க்காத கதை.

இந்த முறை எல்லோரும் நீர்நாய்கள். மலாக்கா ஆற்றின் இந்தக் கரையில் ஒரு குடும்பம், அந்தக் கரையில் ஒரு குடும்பம். குழந்தைகள் பார்க்கிற படத்தில் யாரும் சாகக் கூடாது என்பது தயாரிப்பாளரின் கட்டளை. ஆகவே மேமி என்கிற பெண் நீர்நாய் காதலனைத் தேடி வெள்ளத்தில் இறங்கும்போது, அவளுடைய அப்பா மனம் மாறி, கரையிலிருந்து சம்மதம் சொல்லிவிடும். எல்லா நீர்நாய்களும் மீன் சாப்பிடும். முற்றும்.

பதிவுக்கூடத்தை நடத்துகிற யுவனேஸ்வரனுக்கு ஒரு யோசனை தோன்றியது. இந்தக் கரை நீர்நாய்கள் யாழ்ப்பாணத் தமிழ் பேசட்டும், அந்தக் கரை நீர்நாய்கள் ரப்பர்த் தோட்டத் தமிழ் பேசட்டும். யாழ்ப்பாணத்து அப்பா குரலுக்கு அவன் நேரே விஜயரட்ணத்திடம் வந்து நின்றான். யாழ்ப்பாணத் தமிழர் சங்கத்து ஆண்டுவிழா நாடகங்களில் இருபது வருடம் அரசராகவே நடித்தவர் அவர். மகளோடு பேசுவதில்லை என்ற விரதத்துக்கும், மகள் எழுதியதைப் பேசுவதற்கும் முரண்பாடு கிடையாது என்று அவர் தமக்குத் தாமே தீர்ப்பு வழங்கிக்கொண்டார். கடைசிப் பக்கம் அப்போது அவருக்குக் கொடுக்கப்படவில்லை.

அந்தக் கரை அப்பாவுக்கு யுவனேஸ்வரன் வேறொருவரைப் பிடித்திருந்தான். கோயில் திருவிழா ஒன்றில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்துகொண்டிருந்த குரல். "சிவப்புச் சட்டை போட்ட அண்ணே, காரை நவுத்துங்க, தேர் வருது" என்று அவர் சொன்னபோது, சிவப்புச் சட்டை போடாதவர்களும் காரை நகர்த்தினார்களாம்.

விஜயரட்ணம் வெள்ளிக்கிழமைகளில் வந்து பேசினார். ஒலிபெருக்கிக்காரர் செவ்வாய்க்கிழமைகளில் வந்து பேசினார். இந்தத் தொழிலின் முறை அது. ஒவ்வொருவரும் தனியாக வந்து தம் வரிகளை மட்டும் பேசிவிட்டுப் போக, கணினி வெட்டி ஒட்டிச் சேர்த்துக்கொள்ளும். படத்தில் இரண்டு அப்பாக்களும் இருபது முறை சண்டை போட்டாகிவிட்டது. நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

கடைசிக் காட்சியை மட்டும் இருவரையும் சேர்த்து நிறுத்தித்தான் பதிவு செய்ய வேண்டும் என்று தர்மினி சொன்னாள். "ஒருத்தர் பேச்சில ஒருத்தர் குறுக்க விழணும். தனித்தனியா எடுத்தா உயிர் இருக்காது," என்றாள். யுவனேஸ்வரன் நம்பினான். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் தர்மினிக்கு ஏன் தவறாமல் தலைவலி வந்தது என்று அவன் யோசித்தவனில்லை.

பத்து மணிக்குக் கண்ணாடி அறைக்குள் விஜயரட்ணம் தொண்டையைச் சரிசெய்துகொண்டு நின்றபோது கதவு திறந்தது. கட்டைகுட்டையான மனிதர். லேசில் அடங்காத குரல்.

"வணக்கங்க! நீங்கதான் எதிர்க்கரை அப்பாவா? வாராவாரம் உங்க குரலத்தான் காதுல மாட்டிக்கிட்டுப் பேசுறேன். ராஜா மாதிரி இருக்குதுங்க." கையை நீட்டினார். "சிவசாமி. லூபோக் சீனா."

விஜயரட்ணத்தின் கை பாதி வழியில் நின்றது.

"விஜயரட்ணம்," என்றார். "தெங்கேரா."

ஒலி புகாத அறையில் மௌனம் வேறு ரகம். வெளியே நடக்கும் எதுவும் வந்து காப்பாற்றாது. கீழே டயர்க் கடையில் சுவரையும் மீறி அதிரும் திருகாணி இயந்திரம்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தது.

விஜயரட்ணம் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். "தம்பி யுவனேஸ்வரன். இது தற்செயலோ எண்டு எழுத்தாளரிட்டக் கேளும்."

தர்மினி யுவனேஸ்வரனின் மேசை மேலிருந்த பொத்தானை அழுத்தினாள். அவள் குரல் கண்ணாடி அறைக்குள் விழுந்தது. "இல்லை எண்டு சொல்லு, யுவன்."

"இல்லையாம், அங்கிள்," என்றான் யுவனேஸ்வரன், என்ன நடக்கிறதென்று புரியாமலே.

சிவசாமி கண்ணைச் சுருக்கிக் கண்ணாடியைப் பார்த்தார். மகனுடைய போனில் பார்த்த முகம். "அட, நீதானாம்மா! நல்லா மாட்டி விட்டுட்ட லா."

விஜயரட்ணம் பதிவுக்காக மாட்டியிருந்த காதுக்கருவியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். "நான் போறன்."

"போங்க," என்றார் சிவசாமி. "நான் இருந்து முடிச்சுட்டுப் போறேன். மைக்க கையில வாங்கினவன் பாதியில வெச்சுட்டுப் போறதில்ல. எங்க வழக்கம் அப்படி."

இருபது வருடம் அரசராக இருந்தவரிடம் சொல்லக் கூடாத வார்த்தை அது. விஜயரட்ணம் காதுக்கருவியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "மேடையை விட்டு முதலில இறங்கினவன் ஆர் எண்டு நாளைக்கு ஒருத்தரும் என்னைக் கேக்கக்கூடாது. தொடங்கும், தம்பி."

சிவப்பு விளக்கு எரிந்தது.

திரையில் மழை. ஆறு பெருகி ஓடியது. இரண்டு கரைகளிலும் இரண்டு நீர்நாய்கள் பின்னங்காலில் நின்று கத்தின.

"என் பையன் ஒங்க கரைக்கு வந்தா அடிப்பீங்களோ? எங்க, இப்ப வந்து தொடு பாப்போம்!"

"உன்ர கரையில கால் வைக்கிறதிலும் பார்க்க நான் இந்த வெள்ளத்தோட போவன்!"

"போ! போய்க் கடல்ல சேரு!"

"முதலில உன்ர பிள்ளைக்கு நீந்தப் பழக்கு!"

கடைசி வரி வசனத்தாளில் இல்லை. அதற்குச் சிவசாமி கொடுத்த பதிலும் இல்லை. அதைக் குழந்தைகள் படத்தில் வைக்கவும் முடியாது. யுவனேஸ்வரனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆறு வருடத் தொழிலில் இப்படி ஒரு சண்டையை அவன் பதிவு செய்ததில்லை.

திரையில் மேமி வெள்ளத்தில் இறங்கினாள். அப்பா நீர்நாய் பேச வேண்டிய இடம். வசனம் இதுதான்: "மகளே, உன் விருப்பமே என் விருப்பம். இந்த நதி நம் எல்லோருக்கும் பொது."

அப்பா நீர்நாயின் வாய் அசைந்தது. குரல் வரவில்லை.

"அங்கிள், உங்க லைன்."

"தெரியும். நான் சொல்லப்போறதில்லை."

"அங்கிள், இன்னைக்குச் சாயந்தரம் அனுப்பியாகணும் லா!"

"அனுப்பும். சத்தமில்லாமல் அனுப்பும். உண்மையான கதையில பிள்ளையள் ரெண்டும் சாகுதுகள். அதாலதான் அது காவியம். முடிவை மாத்துறவன் கோழை. குழந்தைப்பிள்ளையள் அழும் எண்டு பயந்து நான் கோழையாக ஏலாது."

தர்மினி பொத்தானை அழுத்தினாள். "பிள்ளையள் செத்தால் அவருக்குச் சந்தோசமோ எண்டு கேளு, யுவன்."

"அதை நான் கேக்க மாட்டேன்," என்றான் யுவனேஸ்வரன். முதல் தடவையாக அவனுக்கு விஷயம் லேசாகப் புரிந்திருந்தது.

சிவசாமி கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்தார். "விடும்மா. அவர் எப்படிச் சொல்லுவாரு? வீடு தேடி வந்தவனுக்கே கதவு தொறக்காத மனுஷன். நீர்நாய்க்கா தொறக்கப் போறாரு?"

"ஆர் வந்தது?" விஜயரட்ணம் திரும்பினார். "ஆருக்கு நான் கதவு திறக்கயில்லை?"

"எனக்குத்தாங்க! தை மாசம் மூணாவது ஞாயித்துக்கெழம. நானும் எங்க வீட்டுல மீனம்மாவும். வெத்தல, பூவு, பழம், எல்லாம் தட்டுல வெச்சு, முறைப்படி பொண்ணு கேட்டு வந்தோம். பத்தரைக்கு மேல நல்ல நேரம்னு குருக்கள் சொன்னாரு. பத்தே முக்காலுக்கு உங்க வீட்டு வாசல்ல நிக்கிறோம், பூட்டு தொங்குது. முக்கா மணி நேரம் வெயில்ல நின்னோம். பக்கத்து வீட்டுச் சீனத்தி வந்து சொல்றாங்க, பட்டு கட்டிக்கிட்டு ரெண்டு பேரும் அப்பவே கெளம்பிட்டாங்கன்னு. எப்படி இருக்கும் எனக்கு? நாங்க வர்றது எப்படியோ தெரிஞ்சு, பட்டு கட்டிக்கிட்டு எங்கயோ போயிட்டீங்க!"

விஜயரட்ணம் கையிலிருந்த வசனத்தாளைத் தாங்கியில் வைத்தார்.

"பட்டு," என்றார் பிறகு. "அது உங்கட வீட்டுக்கு வாறதுக்குத்தான் கட்டினது."

"என்னது?"

"எங்கட ஆக்களில பொம்பிளை வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போறது. அதுதான் முறை. அண்டைக்குப் பத்தே முக்காலுக்கு நானும் மனுசியும் லூபோக் சீனாவில உங்கட கேட்டுக்கு வெளியில நிண்டனாங்கள். கையில தட்டம். உள்ளுக்கு ஒருத்தரும் இல்லை. ஒரு கறுப்பு நாய் மட்டும் வந்து கதைச்சது."

"அது யாரையும் கடிக்காதுங்க."

"கடிக்கயில்லை. அவமானப்படுத்தினது."

யுவனேஸ்வரன் தன்னையறியாமல் பொத்தானை அழுத்திவிட்டான். "ரெண்டு பேரும் ஒரு போன் பண்ணிட்டுப் போயிருக்கலாமே அங்கிள்?"

"இதெல்லாம் போன்ல கேக்குறதா?" என்றார் சிவசாமி.

"இது போனில கேக்கிற விசயமோ?" என்றார் விஜயரட்ணம்.

இரண்டும் ஒரே விநாடியில் வந்தன. ஒலியளவு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. பதினொரு வாரத்தில் இரண்டு குடும்பங்களும் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

சிவசாமி மெல்லக் கேட்டார். "அப்ப அன்னைக்கு மஸ்ஜித் தானா முச்சந்தியில, பச்சைக் கார்ல, சிக்னலே போடாம திரும்பின பெரியவர்..."

"ஹோர்ன் அடிச்சது நீங்களோ?"

"நான் மட்டுமா? மீனம்மா தலைய வெளிய விட்டு ரெண்டு வார்த்தை சொன்னா. சம்பந்தியம்மாவுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனக்கிறேன்."

"கேட்டது," என்றார் விஜயரட்ணம்.

சிவசாமி சிரிக்க ஆரம்பித்தார். ஒலியை அடக்கச் சுவரில் ஒட்டியிருந்த முட்டை அட்டைகளெல்லாம் அதிரும்படி சிரித்தார். விஜயரட்ணம் சிரிக்கவில்லை. ஒருவர் நியாயமாகக் கோபப்பட்டுப் பதினொரு வாரம் பாடுபட்டுச் சேர்த்ததை இப்படிச் சிரித்துக் கலைப்பது அவருக்கு உவப்பாக இல்லை.

"நீங்கள் எங்கட முறையை விசாரிச்சுப்போட்டு வந்திருக்க வேணும்," என்றார்.

"அட, நீங்க எங்க முறைய விசாரிச்சீங்களா?"

"பொம்பிளை கேட்டு வாறது எண்டால் முதலில ஆள் அனுப்பவேணும்."

"மாப்பிள்ள கேட்டு வந்தவரு மட்டும் ஆள் அனுப்பினாராக்கும்!"

கதவு திறந்தது. தர்மினி உள்ளே வந்தாள். இருவரும் அவளைப் பார்த்து முகத்தைக் கொஞ்சம் கனியவைத்துக்கொண்டார்கள். மகிழ்ச்சியில் அழப்போகிறாள் என்று நினைத்திருக்கக்கூடும்.

"பதினொரு கிழமை," என்றாள் தர்மினி. பதினொரு வாரத்தில் அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. "பதினொரு கிழமையா நான் காரணம் கேட்டனான். என்ர வேலையோ, அவன்ர வேலையோ, சாதியோ, பாசையோ, சாத்திரமோ எண்டு ஒவ்வொண்டாக் கேட்டனான். நீங்கள் மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு இருந்தீங்கள். அம்மாவும் வாய் திறக்கயில்லை."

"கேட்டுப் போய் வாசலில நிண்டு திரும்பி வந்ததை மானமுள்ளவன் வெளியில சொல்லுவானோ?"

"அதைத்தான் சொல்லுறன் அப்பா! எனக்காக நீங்கள் ஒரு நல்ல காரியம் செய்தீங்கள். அதைச் சொல்ல உங்களுக்கு வெக்கம். மாட்டன் எண்டு நிண்டதை மட்டும் தெங்கேரா முழுக்கச் சொன்னீங்கள். அது பெருமை." சிவசாமி பக்கம் திரும்பினாள். "அங்கிள், நீங்களும்தான். கோகுல் வேலைக்குப் போற வழியில காரை ஓரமா நிறுத்தி அழுவான். ஏன்னு தெரியாம அழுவான்."

சிவசாமியின் சிரிப்பு முழுதாகக் காணாமல் போயிருந்தது. "சொல்லவே இல்லையேம்மா என்கிட்ட."

"உங்களைப் போலத்தான். உங்க பிள்ளைதானே."

அவள் வசனத்தாங்கியிலிருந்து கடைசித் தாளை எடுத்தாள். சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி, அப்பா நீர்நாயின் இரண்டு வரிகள் மீதும் குறுக்கே ஒரு கோடு போட்டாள். தாள் கிழிந்தது.

"மேமிக்கு இனி ஒருத்தற்ற சம்மதமும் தேவையில்லை. அவள் தானே நீந்திப் போவாள். சாகவும் மாட்டாள். ஓடியும் போகமாட்டாள். திங்கட்கிழமை பகல் பத்து மணிக்கு, நல்ல சேலை கட்டிக்கொண்டு, முன்வாசலால போவாள். வாறவை வரலாம்."

"பிள்ளை..."

"பசிக்குது. நான் சாப்பிடப் போறன்."

படிகளில் அவள் காலடிச் சத்தம் இறங்கிப் போனது. சிவசாமி மெதுவாகக் காதுக்கருவியைக் கழற்றினார். "நான் என் பையனுக்கு ஒரு போன் போடுறேங்க," என்றார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார். "போன்ல சொல்றதுதான். பரவால்ல. இது இனிமே தாங்காது."

தெருமுனையில் தமிழ் முஸ்லிம் உணவகமான மாமாக் கடையில் தர்மினி ரொட்டி சானாய் வாங்கி, அதைப் பிய்த்துப் பிய்த்துக் குழம்பில் போட்டாள். ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை. போன் அதிர்ந்தது. கோகுலராஜ்.

"தர்மினி! அப்பா எல்லாத்தையும் சொன்னாரு. எனக்குச் சிரிக்கிறதா அழறதான்னே தெரியல லா."

"ரெண்டையும் மத்தியானத்துக்குள்ள முடிச்சிடு. திங்கட்கிழமை வேலை இருக்கு."

மறுமுனையில் சின்னத் தயக்கம். அந்தத் தயக்கத்தைத் தர்மினிக்குத் தெரியும். அவன் அவளுக்குப் பிடிக்காத எதையாவது சொல்லும் முன் இப்படித்தான் மூச்சு இழுப்பான்.

"அதப் பத்திதான்... அப்பா சொல்றாரு, இப்பதான் எல்லாருக்கும் சம்மதமாச்சே, எதுக்கு ஆபீஸ்ல போய்க் கையெழுத்துப் போட்டுட்டுச் சும்மா வர்றது? வைகாசியில ஹால் எடுத்து, ரெண்டு பக்கமும் சொல்லி, பெருசா பண்ணலாமாம். திங்கட்கிழமைய கொஞ்சம் தள்ளி வெச்சா..."

"உனக்கு எப்படி?"

"எனக்கா? எனக்கு... அவர் இவ்வளவு சந்தோஷமா பேசி நான் கேட்டதே இல்ல, தர்மினி."

"எங்க அப்பா இன்னும் சம்மதிக்கல."

"சம்மதிச்ச மாதிரிதானே?"

"மாதிரிக்கெல்லாம் நான் ஹால் எடுக்க மாட்டேன், கோகுல். ரெண்டு வீட்டுச் சண்டைக்கு நான் பயப்படல. அந்தச் சண்டையில நீயும் நானும் ஒரே பக்கம் நின்னோம். இப்ப அவங்க ராசியாயிட்டாங்க. நீ எந்தப் பக்கம்னு மட்டும் எனக்குச் சொல்லு. திங்கட்கிழமைக்கு முன்னால."

அழைப்பைத் துண்டித்துப் போனைக் கவிழ்த்து வைத்தாள். அது மறுபடி அதிரும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். ரொட்டி ஆறிப்போனது.

மேல்மாடியில் யுவனேஸ்வரன் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தான். கண்ணாடி அறைக்குள் விஜயரட்ணம் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"அங்கிள், உங்க வேலை முடிஞ்சது. எழுத்தாளர் உங்க லைனை வெட்டிட்டாங்க."

"பார்த்தேன்," என்றார். "வெட்டினதை வாசிக்கக்கூடாது எண்டு சட்டம் இருக்கோ?"

"சட்டம் இல்ல, அங்கிள்."

"அப்ப அந்தப் படத்தை ஓட விடும். மற்றச் சத்தம் ஒண்டும் வேண்டாம். மழையை மட்டும் விடும்."

சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் மேமி ஆற்றில் இறங்கினாள். தண்ணீர் அவள் இடுப்புக்கு வந்தது. பிறகு தோளுக்கு. அப்பா நீர்நாய் கரையில் நின்று வாயைத் திறந்தது.

விஜயரட்ணம் கிழிந்த தாளைப் பார்த்தார். "மகளே, உன் விருப்பமே..." என்று அரச குரலில் ஆரம்பித்தார். நிறுத்தினார். தாளைக் குப்புற வைத்தார்.

"இப்பிடி ஒருத்தனும் கதைக்கிறதில்லை. திருப்பி விடும், தம்பி."

மறுபடி மழை பெய்தது. மேமி மறுபடி இறங்கினாள். இந்த முறை அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. யுவனேஸ்வரனையும் பார்க்கவில்லை. திரையில் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்த அந்தச் சின்னத் தலையை மட்டும் பார்த்தார்.

"நில்லு, பிள்ளை," என்றார். "தனியப் போகாதை. நானும் வாறன்."

குரல் கடைசிச் சொல்லில் உடைந்தது. நீர்நாயின் வாயசைவுக்கும் அது பொருந்தவில்லை. யுவனேஸ்வரன் பதிவை நிறுத்தினான். பிறகு பொத்தானை அழுத்தினான்.

"எழுத்தாளரைக் கூப்பிடவா, அங்கிள்?"

"வேண்டாம். இதை அவவுக்குச் சொல்லவும் வேண்டாம்."

"சரி அங்கிள். படத்துக்கு இது போதும்."

"எனக்குக் காணாது," என்றார் விஜயரட்ணம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "திங்கட்கிழமைக்குள்ள நடுங்காமல் சொல்ல வேணும். இன்னொருக்கா விடும்."